ஆம்பூர்க்காரர் குறை சொல்லக் கற்றுக்கொண்டது

மாலை ஐந்து மணிக்கு எங்கள் ஊர் அப்படியே நின்றுவிடும். எங்கள் ஊர் என்று நான் இப்போது சொல்லிக்கொள்வது டெக்ஸாஸில் ஒரு ராணுவ முகாமையும் அதை ஒட்டிய நாலு தெருக்களையும். முகாமுக்குள் ஒலிபெருக்கியில் கொம்பு ஊதியதும், போய்க்கொண்டிருக்கும் கார்கள் சாலையிலேயே நிற்கும். உள்ளே இருப்பவர்கள் இறங்கி, கொடிக்கம்பம் இருக்கும் திசையைப் பார்த்து விறைப்பாக நிற்பார்கள். வந்த புதிதில், முன்னால் போன கார்கள் சட்டென்று நின்றதைப் பார்த்து விபத்து என்றே நினைத்தேன். நான் நர்ஸ், கால் சும்மா இருக்காது. ஓடிப்போய், அசையாமல் நின்ற ஒரு சிப்பாயிடம் "எங்கே அடிபட்டது?" என்று கேட்டேன். அவர் வாயே திறக்கவில்லை. அதிர்ச்சியில் பேச்சு நின்றுபோயிருக்கும் என்று, சல்யூட் அடிக்காத இடது கையைப் பிடித்து நாடி பார்க்க ஆரம்பித்துவிட்டேன். கொம்பு ஓய்ந்ததும் அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, "மேடம், கொடி இறக்குகிறார்கள்" என்றார். ஆம்பூரில் சங்கு ஊதினால் ஊரே ஓடும். ஷிப்ட் முடிந்த சைக்கிளும் பைக்கும் கம்பெனி கேட்டில் முட்டி மோதும். டெக்ஸாஸில் ஊதினால் ஊரே நிற்கிறது. இது பழக எனக்கு ரொம்ப நாள் ஆனது.

ராணுவ முகாம் என்றதும் ஊரில் சிலர் நான் துப்பாக்கி தூக்குகிறேன் என்று பேசிக்கொள்கிறார்கள். நான் தூக்குவது பிபி மெஷினைத்தான். முகாம் ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் நான் நர்ஸ். நம்மூர் தோல் கம்பெனிகளில் ஒரே டேபிளில் கம்பெனி ஆளும் கான்ட்ராக்ட் ஆளும் சேர்ந்து வேலை பார்ப்பார்கள், போனஸ் சமயத்தில்தான் யார் யாரென்று தெரியும். முகாமில் கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறத்திலேயே தெரிந்துவிடும். மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை.

என் அப்பா ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில், தோல் ஊறிச் சுழலும் டிரம் ஓட்டியவர். நான் வேலூரில் நர்சிங் படித்து, ஏஜென்சி மூலமாக டெக்ஸாஸுக்கு வந்து, கிரீன் கார்டு கையில் வந்த பிறகு ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டேன். விவரம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வார்கள். கல்யாணத்தை முதலில் முடித்துவிட்டுக் கார்டு வாங்கியிருந்தால் புருஷனும் கூடவே வந்திருப்பார். கார்டு வாங்கிய பிறகு கல்யாணம் என்றால் அவருக்குத் தனி மனு, தனி வரிசை. இதை எனக்குச் சொல்ல அப்போது ஆள் இல்லை. மாப்பிள்ளை பார்க்கும் வேகத்தில் யாருக்கும் குடியேற்றச் சட்டம் ஞாபகத்துக்கு வரவில்லை.

என் கணவர் மோகன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். தைக்கிற பெண்கள் நாற்பது பேர் அவர் லைனில். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். நான் வருடத்துக்கு ஒருமுறை லீவில் போவேன். அவர் அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க வருகிறேன் என்று விசா கேட்டார். பெண்டாட்டி அங்கேயே இருக்கிறாள், போனால் திரும்பி வரமாட்டாய் என்று மறுத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை, வந்தால் திரும்பிப் போகவேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும். எங்கள் மகள் யாழினி டெக்ஸாஸில்தான் பிறந்தாள். பிரசவ அறையில் மோகன் ஒரு ஃபோனுக்குள் இருந்தார். என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் அதைத் தூக்கிப் பிடித்திருந்தாள். குழந்தை பிறந்த பிறகு லீவும் டிக்கெட்டும் ஒத்துவராமல் நான் ஊருக்குப் போவதும் நின்றுபோனது. நான் அமெரிக்கக் குடிமகளான பிறகு எங்கள் மனு வேறு வரிசைக்கு மாறியது. சீக்கிரம் ஆகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. அலுவலகத்தில் கோப்புகள் குவிந்திருக்கின்றன, காத்திருங்கள் என்ற ஒரே பதில்தான்.

யாழினிக்கு நான்கு வயது நெருங்கும்போது கம்பெனி என்னைக் கூப்பிட்டது. குவைத்தில் அமெரிக்க ராணுவத் தளத்து கிளினிக்குக்கு ஒரு வருடம் போகவேண்டும். குழந்தையைக் கூட்டிப்போக அனுமதி இல்லை. மாட்டேன் என்று சொல்லலாம், சொன்னால் வேலை போகும். வேலை போனால் போகட்டும் என்று நினைக்கவும் வழியில்லை. கணவரை அழைப்பவருக்குச் சம்பளம் இருக்கவேண்டும் என்பது விசாவின் நிபந்தனை. வேலையை விட்டால் அவர் வரவே முடியாது. போனால் குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. குழந்தையை ஆம்பூருக்கு அனுப்பலாம் என்றால், அவர் காலையில் போனால் இருட்டியபிறகுதான் வீட்டுக்கு வருவார். மாமியார் போய்ச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் அம்மாவோ ஓசூரில் அண்ணன் வீட்டில், முட்டிவலியால் படி இறங்க முடியாமல் இருந்தார். நான்கு பக்கமும் கதவு சாத்தியிருந்தது. எனக்கு அந்த வாரம் முழுக்க யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது.

இந்த மாதிரிக் குடும்பங்களுக்கென்று ஒரு வழி இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. பெயர் எக்ஸ்பெடைட். ராணுவத்துக்காகவோ அரசாங்க வேலைக்காகவோ வெளிநாடு போகிறவர்கள், அவசரம் என்று நிரூபித்தால், கோப்பை முன்னால் எடுத்துப் பார்க்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். எடுத்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் கிடையாது, கேட்கலாம், அவ்வளவுதான். இதற்கு உதவ எங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்தில் ஆள் இருக்கிறார்கள். அங்கே காங்கிரஸ் என்றால் கட்சி இல்லை, நாடாளுமன்றம். நம்மூரில் எம்.பி. ஆபீஸ் மாதிரி, வாசலில் கரைவேட்டி மட்டும் இருக்காது. அங்கே எனக்கு வாய்த்தவர் டெபோரா. வயது ஐம்பதுக்கு மேல், சுருக்கமான பேச்சு, சிரிப்பு கம்மி. முதல் நாளிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மனு கொடுப்பது எனக்குப் புதிதில்லை. சின்ன வயதில் அப்பா பட்டாவுக்காகத் திங்கட்கிழமை மனு நாளுக்கு வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் போவார். என்னையும் இழுத்துக்கொண்டு போவார். வீட்டில் நல்ல சட்டை இருக்கும்போதே காலர் கிழிந்த சட்டையைத் தேடிப் போடுவார். பஸ்ஸில் கதை பேசிக்கொண்டு வருகிறவர், கேட்டைத் தாண்டியதும் தோளைத் தொங்கப் போட்டுவிடுவார். என் தலையில் எண்ணெய் வைக்கவேண்டாம் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பார். அந்தப் பயிற்சியில் நான் டெபோராவுக்கு ஆறு பக்கத்துக்கு எங்கள் துயரத்தை எழுதிக்கொண்டு போனேன். டெபோரா அதைப் படித்துவிட்டு, "உங்கள் மேல் எனக்கு அனுதாபம் உண்டு. எனக்கு வேண்டியது மூன்று விஷயம்தான்" என்றார். கம்பெனி என்னை அனுப்புகிறது என்பதற்கு ஆதாரம், தேதி, குழந்தைக்கு வேறு ஏற்பாடு இல்லை என்ற விவரம். அழுத பக்கங்கள் திரும்ப என் கைக்கே வந்தன. எனக்குக் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது.

பிறகு, கணவரோடு ஒருமுறை பேசவேண்டும், அவர் சொல்வதையும் தன் குறிப்பில் சேர்ப்பேன் என்றார் டெபோரா. வீடியோவில் நேரம் குறித்தோம். அன்று எனக்கு டியூட்டி மாற்றிக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. மோகனுக்கு இங்கிலீஷ் ஓரளவு வரும், சமாளித்துவிடுவார் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் கூப்பிட்டு எப்படிப் போனது என்று கேட்டேன். "சூப்பரா போச்சி. அந்தம்மா ரொம்ப மரியாதையா பேசுச்சி. எல்லாத்துக்கும் கரெக்டா பதில் சொல்லிட்டேன்" என்றார். குரலில் அப்படி ஒரு திருப்தி. எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

சில வாரங்களில் பதில் வந்தது. கோரிக்கை ஏற்கப்படவில்லை. டெபோராவின் அலுவலகத்துக்கு ஓடினேன். அவர் தன் குறிப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பிரிந்திருப்பதால் உங்களுக்கு என்ன சிரமம் என்று கேட்டதற்கு மோகன் சொன்ன பதில்: "நோ ப்ராப்ளம் மேடம்." விசா தாமதமானால் என்ன செய்வீர்கள்? "வீ வில் அட்ஜஸ்ட் மேடம்." உங்கள் மனைவி குவைத் போய்விட்டால் குழந்தையை யார் பார்ப்பார்கள்? "சைல்டு கேர் ஃபெசிலிட்டி அவைலபிள் மேடம்." டெபோரா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்கள் கணவருக்கு இங்கே வர விருப்பம் இல்லையோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்றார்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இது இந்நேரம் புரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஷூ கம்பெனிகளுக்குச் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வருவார்கள், தொழிலாளிகளுக்கு வசதி இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் சார்பில் ஆடிட்டுக்கு ஆள் வரும். வருவதற்கு முன்பே லைன் லைனாக நிற்கவைத்துப் பாடம் நடக்கும். வெள்ளைக்காரர் கேட்டால் என்ன சொல்லவேண்டும்? தண்ணீர் வசதி உண்டு. ஓவர்டைம் கட்டாயம் இல்லை. குறை ஒன்றும் இல்லை. மோகன் பழைய கம்பெனி ஒன்றில் இருந்தபோது குழந்தைகள் காப்பக அறை என்று ஒன்று இருந்ததாம். ஆடிட் அன்று மட்டும் பூட்டைத் திறந்து, தொட்டில் கட்டி, பொம்மைகளைப் பரப்பிவைப்பார்கள். அந்த அறையைக் காட்டி ஆடிட்டருக்கு இங்கிலீஷில் விளக்குவது மோகனின் வேலை. குறை இருக்கிறது என்று ஒரு வார்த்தை வெளியே போனால் ஆர்டர் போய்விடும், ஆர்டர் போனால் நாற்பது பெண்களின் வேலை போய்விடும். பதினைந்து வருடம் அப்படிப் பேசிய வாய். ஒரு வெள்ளைக்கார அம்மா கையில் பேனாவோடு திரையில் வந்து "ஏதாவது சிரமம் உண்டா?" என்று கேட்டால், அது தானாகத்தான் திறக்கும். எங்கள் வீட்டில் நான் மனு கட்சி, அவர் ஆடிட் கட்சி. இது எனக்கு முன்பே உறைத்திருக்கவேண்டும்.

அன்று ஃபோனில் நன்றாகச் சண்டை போட்டேன். "ஏங்க, ஃபெசிலிட்டி எங்கங்க இருக்கு? வூட்ல தொட்டில் கட்டி வச்சிகிறீங்களா?" என்று கத்தினேன்.

அவர், "வெளிநாட்டுக்காரங்க கேட்டா அப்டித்தான சொல்றது? கஷ்டம்னு சொன்னா உனக்குத்தான் கெட்ட பேரு. புருசன வுட்டுட்டுப் போய்ட்டா, அவன் அங்க பேஜார்ல கீறான்னு எழுதிக்க மாட்டாங்களா?" என்றார்.

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்திருக்கிறார். அதற்குமேல் எப்படிக் கத்துவது? "அவுங்க பையர் இல்லீங்க. நமக்காக எழுதிக் குடுக்கறவங்க. உள்ளத சொல்லுங்க, போதும்" என்றேன். "அந்தம்மா கிட்ட போய் நான் இன்னாத்துக்கு அழணும்?" என்று ஃபோனை வைத்துவிட்டார். மறுநாள் அவரே கூப்பிட்டு, "தமிழ்ல பேசறேன், நீ அந்தம்மாவுக்கு இங்கிலீஷ்ல சொல்லு" என்றார்.

டெபோரா இரண்டாவது முறை முயற்சி செய்ய ஒப்புக்கொண்டார். தன் குறிப்பிலேயே "வேறு ஏற்பாடு உண்டு" என்று இருப்பதை மாற்ற வலுவான விவரம் வேண்டும் என்று எச்சரிக்கவும் செய்தார். டெபோராவின் மேசையில் நானும் அவரும் ஒரு பக்கம், திரையில் மோகன் மறுபக்கம். ஆடிட்டுக்குப் போடும் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாற்றச் சொல்ல வாய் வரவில்லை. டெபோரா அதே கேள்வியைக் கேட்டார். என்ன சிரமம்? நான் தமிழில் சொன்னேன். மோகன் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் வலி எங்கே என்று கேட்டால் இப்படித்தான் ஆண்கள் கூரையைப் பார்ப்பார்கள்.

"ராணிப்பேட்டைல ஒரு கம்பெனில மேனேஜர் வேலைக்கு கூப்ட்டாங்க. மூணு வருசம் இருக்கணும்னு கையெழுத்து கேட்டாங்க. விசா வந்துட்டா இன்னா பண்றதுன்னு வேணான்னுட்டேன்" என்றார். இது எனக்கே தெரியாது. அதை இங்கிலீஷில் டெபோராவுக்குச் சொன்னேன். "அது மாதிரி ரெண்டு தடவ" என்றார். அதையும் சொன்னேன். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டாராம். போனால் எப்போ கிளம்புற, எப்போ கிளம்புற என்று கேட்கிறார்கள். சிலர் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். நான் ஒவ்வொரு ராத்திரியும் பேசும் மனிதர் இவர். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், வேலை எப்படி, நல்லா போவுது. எனக்கும் வந்துகொண்டிருந்தது ஆடிட் பதில்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

டெபோரா எழுதிக்கொண்டே, "மகளோடு பேசுவது உண்டா?" என்று கேட்டார்.

"டெய்லி வீடியோல வரும்" என்றார் மோகன். "ஹாய் அப்பா சொல்லும். ரெண்டு நிமிசத்துல கார்ட்டூன் பாக்க எழுந்து போய்டும், கொழந்த தான. இவங்க கிச்சன்ல வேலையா இருப்பாங்க. நான் கட் பண்ண மாட்டேன். அந்த சோஃபாவையே பாத்துனு இருப்பேன். சில நேரம் அது ஓடறப்போ குறுக்க தெரியும்."

மொழிபெயர்க்க வேண்டியவள் நான். வேலூர் ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்கு டாக்டர் சொன்னதை மொழிபெயர்த்திருக்கிறேன், செத்த செய்தியைக்கூட. இதை என்னால் சொல்ல முடியவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டெபோரா அவசரப்படுத்தவில்லை. ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். முடிக்கும்போது எனக்கு மோகன்மேல் கோபமும் வந்தது. கட் பண்ணாமல் உட்கார்ந்திருந்தவர், என்னை ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாமே. நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருப்பேன்.

கடைசியாகக் குழந்தையைப் பற்றிய கேள்வி. நான் தமிழில் சொல்வதற்குள் மோகனுக்குப் புரிந்துவிட்டது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நேராகத் திரையைப் பார்த்தார். "நோ அரேஞ்ச்மென்ட் மேடம்" என்றார். "ஹியர் நோபடி. தேர் நோபடி. ஒன்லி மீ." ஒரு வெள்ளைக்காரரிடம் இல்லை என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. முகம் வியர்த்திருந்தது.

இந்த முறை ஏற்றுக்கொண்டார்கள். புலம்பெயர்ந்து வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: இதை ஏற்றுக்கொண்டார்கள் என்றால் விசா கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, கோப்பை எடுத்துப் பார்க்கச் சம்மதித்தார்கள், அவ்வளவே. ஒரு அலுவலகம் முடித்ததும் அடுத்த அலுவலகம். அங்கே மறுபடி முதலிலிருந்து அவசரம் என்று சொல்லவேண்டும். டெபோரா ஒவ்வொரு வாசலிலும் தட்டினார். கம்பெனியும் என் பயணத்தை ஒருமுறை தள்ளிப்போட்டது. விசா நேர்காணலில் மோகனிடம் இரண்டே கேள்விதான் கேட்டார்களாம். எத்தனை வருடம் காத்திருந்துவிட்டு இரண்டே கேள்வியா என்று அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

அவர் வந்து இறங்கியபோது நான் கிளம்ப ஒரு வாரம்தான் இருந்தது. குடும்பம் சேர்வதற்காக அவசரம் என்று கேட்டோம், அவர் வந்ததோ நான் போவதற்காக. கல்யாணமாகி முதன்முதலாக எங்களுக்கென்று ஒரு வீடு, அந்த ஒரு வாரமும் பாடம் எடுப்பதிலேயே போனது. இது அடுப்பு, இது ஹீட்டர், குப்பை வண்டி இந்தக் கிழமை, யாழினிக்குக் கடலை ஆகாது. அவர் சூப்பர்வைசர் ஆயிற்றே, எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டார். யாழினி முதல் இரண்டு நாள் அவரைச் சுற்றிச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். ஃபோனில் அப்பாவுக்கு முதுகே இருந்ததில்லை. மூன்றாம் நாள் அந்த முதுகில் ஏறிக்கொண்டாள். நான் இல்லாதபோது நடக்கவேண்டியதை நான் இருக்கும்போதே பார்த்துவிட்டதில் ஒரு நிம்மதி. பொறாமையும்தான், மறைப்பானேன்.

இப்போது இதைக் குவைத்தில் இருந்து எழுதுகிறேன். தளத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுபவர்களில் பாதிப்பேர் நம் ஆட்கள், குடியாத்தத்துக்காரர் ஒருவரும் உண்டு. "இன்னாம்மா, அமெரிக்கா பாஸ்போர்ட்ட வச்சினு இங்க வந்து வெயில்ல காயறீங்க?" என்று சாம்பாரை ஜாஸ்தியாக ஊற்றுவார். இங்கிருந்து சென்னை ஒரு ராத்திரிப் பயணம்கூட இல்லை. டெக்ஸாஸ் உலகத்தின் அந்தப் பக்கம். ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் நான் பல வருடங்களாக இருந்ததில்லை. ஆனால் ஆம்பூரில் எனக்காக வாசல் திறக்க இப்போது யாரும் இல்லை. திறக்கிறவர் என் அமெரிக்க வீட்டில் தோசை சுட்டுக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் மோகன் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். பள்ளியில் டீச்சர் யாழினியிடம் உன் அம்மா எங்கே என்று கேட்டிருக்கிறார். அவள் கொஞ்சமும் யோசிக்காமல் "ஆம்பூர்" என்றிருக்கிறாள். மோகன் வீட்டில் உலகப் படத்தை விரித்து, இது குவைத், அம்மா இங்கே, ஆம்பூர் வேற, அது அப்பா ஊர் என்று விளக்கியிருக்கிறார். அவள் ஒப்புக்கொள்ளவில்லையாம். அவளுக்குத் தெரிந்த வரையில், ஃபோனுக்குள் இருப்பவர்கள் இருக்கும் ஊருக்குப் பெயர் ஆம்பூர். அப்பா அங்கே இருந்தார், இப்போது வந்துவிட்டார். அம்மா அங்கே போயிருக்கிறாள்.

நேற்று வீடியோவில் வந்தாள். எனக்குப் பின்னால் ஜன்னல் வழியே மணல்தான் தெரிந்தது, கம்பிவேலி வரைக்கும் மணல். "அம்மா, ஆம்பூர்ல மழையா?" என்று கேட்டாள். திருத்தத்தான் வாயெடுத்தேன்.

"இல்லடா கண்ணு," என்றேன். "ஆம்பூர்ல நல்ல வெயில்."

அவள் சரியென்று தலையாட்டிவிட்டுக் கார்ட்டூன் பார்க்க எழுந்து போனாள். நான் கட் பண்ணவில்லை.